யூரின் அதிகமாகப் போகிறதா, குறைவாகப் போகிறதா, நிறமே இல்லையா? கோளாறு எந்த இடத்தில் என்று பிடிப்பது எப்படி

யூரினில் எந்த மாற்றம் வந்தாலும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "கிட்னி போயிடுச்சா?" என்பதுதான். நாளுக்கு ஐந்து லிட்டர் போகிறவரும் அதையே கேட்கிறார், அரை லிட்டர்கூடப் போகாதவரும் அதையே கேட்கிறார். பல நேரங்களில் கிட்னி தனக்கு வந்த உத்தரவை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருக்கும். உத்தரவே தப்பாக வந்திருக்கலாம், வந்தும் கிட்னியின் காதில் விழாமல் போயிருக்கலாம், விழுந்தும் செய்து முடிக்க முடியாத நிலையில் அது இருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் வெறும் நிறத்தையும் அளவையும் வைத்து முடிவுக்கு வந்தால் தப்பான ஊருக்குத்தான் பஸ் ஏறுவீர்கள்.

முதலில், சரியாக இருந்தால் எப்படி ஓடும்?

இதைத் தாண்டிப் போக வேண்டாம், கீழே வரும் எல்லாமே இதை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. உடம்பில் ஓடும் இரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே சுமார் 3 லிட்டர்தான், ஆகவே அதே நீர்தான் திரும்பத் திரும்ப வடிகிறது. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் அளவு. வடிந்ததில் மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரானின் (சிறுநீரகத்தில் இலட்சக்கணக்கில் இருக்கும் நுண்ணிய வடிகட்டியும் அதன் குழாயும்) முதல் குழாயிலேயே உப்போடு சேர்ந்து இரத்தத்துக்குத் திரும்பிவிடும். அங்கே செறிவு மாறுவதில்லை, உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் 300 மில்லி ஆஸ்மோல் பக்கமே நிற்கும். (ஒரு கிலோ நீரில் எவ்வளவு உப்பு, யூரியா போன்றவை கரைந்திருக்கின்றன என்பதன் கணக்குதான் இந்த மில்லி ஆஸ்மோல். ரிப்போர்ட்டில் ஆஸ்மோலாலிட்டி என்று வரும்.)

வேலை சூடு பிடிப்பது ஹென்லே வளையத்தில். கொண்டை ஊசி மாதிரி சிறுநீரகத்தின் ஆழத்துக்கு இறங்கி, திரும்பி, மேலே வரும் குழாய் அது. இறங்கும் பக்கம் தண்ணீரை வெளியே விடும். ஏறும் பக்கம் தண்ணீரை விடவே விடாது, ஆனால் அதன் தடித்த பகுதி உப்பை மட்டும் உள்ளிருந்து எடுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரே மட்டத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் அதனால் உண்டாக்க முடிவது 200 மில்லி ஆஸ்மோல் வித்தியாசம்தான். ஆனால் எதிரெதிராக ஓடும் இரண்டு பக்கங்களும் அடுத்தடுத்து இருப்பதால், ஏற்கெனவே செறிவான நீர் வளைவைச் சுற்றி வர வர அதன் மேல் இன்னும் 200, இன்னும் 200 என்று ஏறி, ஆழத்தின் நுனியில் 1200 வரை போய்விடுகிறது. அந்த 1200-இல் ஏறக்குறைய பாதி யூரியா. கழிவு என்று நாம் நினைக்கும் யூரியாவைச் சிறுநீரகம் உள்ளேயே சுற்ற விட்டு வேலை வாங்குகிறது.

இப்படித்தான் இருக்கும் என்று வேதியியல் விஞ்ஞானி வெர்னர் குன் 1942-இலேயே சொல்லிவிட்டார். நம்ப வைத்தது 1951-இல் ஹார்கிட்டாயும் விர்ட்ஸும் அவரும் சேர்ந்து செய்த சோதனை. எலியின் சிறுநீரகத்தை உறைய வைத்து, மெல்லிய சீவலாக வெட்டி, நுண்ணோக்கிக்கு அடியில் மெதுவாகச் சூடேற்றி, பனிப் படிகம் எந்த இடத்தில் முதலில் உருகுகிறது என்று பார்த்தார்கள். உப்பு கூடக் கூடப் பனி இன்னும் குளிர்ந்த நிலையிலேயே உருகும் அல்லவா? ஆழத்து நுனிதான் முதலில் உருகியது. இவ்வளவு எளிமையான, இவ்வளவு கெட்டிக்காரத்தனமான சோதனைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கடைசியில் சேகரிப்புக் குழாய். மேலிருந்து கீழாக இந்த உப்பு மண்டலத்தின் நடுவே அது இறங்கி வருகிறது. நறுக்கிய எலுமிச்சையில் கல்லுப்பைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் ஜாடிக்குள் தானாக நீர் விட்டிருக்கும் அல்லவா, அதே இழுப்புதான் இங்கேயும் நடக்கிறது, சுற்றியிருக்கும் உப்பு குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை இழுக்கிறது. ஆனால் குழாய்ச் சுவரில் தண்ணீர் போகத் துளை வேண்டுமே! அந்தத் துளைதான் அக்வாபோரின்-2. எப்போதும் அது சுவரில் இருக்காது. மூளையின் ஹைபோதாலமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வெளியாகும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் (ஏடிஎச் என்றும் சொல்வார்கள்) வந்து தொட்டால்தான் துளைகள் சுவருக்கு வரும். இரத்தத்தின் செறிவு 1 முதல் 2 சதவீதம் கூடினாலே போதும், ஹார்மோன் கிளம்பிவிடும். அது இரத்தத்தில் நிற்பதும் கொஞ்ச நேரம்தான், 10–20 நிமிடத்தில் பாதி கரைந்துவிடும். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து ஒரு மணி நேரத்துக்குள் ஓட வேண்டி வருவது இதனால்தான்.

ஆக, சரிபார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: உத்தரவு (ஹார்மோன்), துளை, உப்பு மண்டலம். வெளியிலிருந்து வருபவை இரண்டு: குடிக்கும் தண்ணீர், வெளியே போக வேண்டிய கரைபொருளின் அளவு. இந்த ஐந்துக்குள் ஏதோ ஒன்றில்தான் பிழை இருக்கும்.

எதையும் தேடும் முன் அளந்து பாருங்கள்

"அடிக்கடி போகிறது" என்பதும் "அதிகமாகப் போகிறது" என்பதும் வேறு வேறு. பத்து தடவை போய் ஒவ்வொரு தடவையும் 100 மி.லி. என்றால் மொத்தம் ஒரு லிட்டர்தான். அது செறிவுப் பிரச்சினையே இல்லை. யூரின் இன்ஃபெக்ஷனோ, மூத்திரப் பையோ, ஆண்களுக்கு வயதான பிறகு புராஸ்டேட்டோ காரணமாக இருக்கும். இந்தக் கட்டுரை அவர்களுக்கு உதவாது.

ஒரு நாள் வீட்டில் இருக்கும்போது அளக்கலாம். காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரினைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, அதன் பிறகு போகும் ஒவ்வொன்றையும் அளவுக் குவளையில் பிடித்து, மணியோடு எழுதி, மறுநாள் காலையின் முதல் யூரினையும் சேர்த்து முடியுங்கள். பக்கத்தில் இன்னொரு வரிசையில் குடித்ததையும் எழுதுங்கள், காபி, மோர், ரசம் உட்பட. இந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு போனால் டாக்டரிடம் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும். ஸ்கேன் ஃபைலைவிட இது அதிக வேலை செய்யும் என்பது என் கட்சி.

ரிப்போர்ட் கையில் இருந்தால் இன்னொரு குறுக்கு வழி. யூரின் ரொட்டீனில் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.020 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எடுத்து 35-ஆல் பெருக்குங்கள், 20 × 35 = 700 மில்லி ஆஸ்மோல் சுமார். 1.010 என்றால் 350, 1.003 என்றால் 100 பக்கம். யூரினில் சர்க்கரையோ புரதமோ, ஸ்கேனுக்கு ஏற்றிய சாய மருந்தோ இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும், அப்போது ஆஸ்மோலாலிட்டியையே தனியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: நாளுக்கு 3 லிட்டருக்கு மேல், தண்ணீர் போல, தாகமும் தாங்கவில்லை

முதலில் சர்க்கரை. இரத்தத்தில் 180-ஐத் தாண்டினால் சர்க்கரை யூரினில் வழிய ஆரம்பிக்கும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இதில் ஹார்மோன் சரி, துளையும் சரி, வெளியே போக வேண்டிய சுமைதான் அதிகம். யூரினின் ஆஸ்மோலாலிட்டி 300-க்கு மேல் இருக்கும், பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தாலும் உண்மையில் நீர்த்ததில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடியும் சர்க்கரை மாத்திரைகள் செய்வதும் சர்க்கரையை யூரினில் தள்ளிவிடுவதைத்தான், ஆகவே அதைச் சாப்பிடுகிறவர் "யூரின் கொஞ்சம் கூடிவிட்டது, ரிப்போர்ட்டில் சுகர் நாலு பிளஸ்" என்று பதற வேண்டியதில்லை. அது மருந்தின் வேலை.

சர்க்கரை இல்லை, யூரினின் செறிவு 300-க்குக் கீழே, அதுவும் 100, 150 என்று நிற்கிறது என்றால் மூன்று வழி பிரிகிறது: அளவுக்கு மீறிக் குடிக்கிறார், அல்லது ஹார்மோன் வரவில்லை, அல்லது வந்தும் துளை திறக்கவில்லை.

இரத்த சோடியத்தைப் பாருங்கள். குடித்துக் குடித்துப் போகிறவருக்கு அது சாதாரண அளவின் கீழ்ப்பக்கம், 135–137 என்று இருக்கும். போவதால் குடிக்கிறவருக்கு மேல்பக்கம், 143, 145, சில நேரம் அதற்கும் மேல். இரண்டுக்கும் நடுவே 140 என்று வந்து உட்கார்ந்தால்தான் தலைவலி, அங்கேதான் தண்ணீர் நிறுத்தும் சோதனை தேவைப்படும்.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் மேலே சொன்ன மூன்று இடங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது அதுதான். ஆஸ்பத்திரியில் காலையில் ஆரம்பிப்பார்கள். தண்ணீர் கிடையாது. மணிக்கு ஒரு முறை எடை, யூரின் அளவு, யூரின் ஆஸ்மோலாலிட்டி, இடையிடையே இரத்த சோடியம். சாதாரண ஆளாக இருந்தால் சில மணி நேரத்தில் யூரின் குறைந்து, நிறம் ஏறி, 700–800-ஐத் தாண்டிவிடும், சோதனை அதோடு முடிந்தது. அப்படி ஏறாமல், அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவே 30-கூட வித்தியாசம் இல்லாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டாலோ, எடை 3 சதவீதம் குறைந்துவிட்டாலோ, டெஸ்மோபிரசின் என்ற செயற்கை ஹார்மோனைக் கொடுப்பார்கள். கொடுத்ததும் செறிவு பாதிக்கு மேல் கூடினால், உதாரணத்துக்கு 150 இருந்தது 400 ஆனால், துளையும் உப்பு மண்டலமும் நன்றாக இருக்கின்றன, உத்தரவுதான் வரவில்லை என்று அர்த்தம். கொடுத்தும் அசையவில்லை என்றால் பிழை சிறுநீரகத்தில்.

இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்காதீர்கள். ஹார்மோன் அறவே இல்லாதவருக்கு நாளுக்கு 15, 20 லிட்டர்கூடப் போகும், தண்ணீரை நிறுத்திய சில மணி நேரத்தில் சோடியம் ஏறி நினைவு தடுமாறும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. மாதக்கணக்காகக் குடம் குடமாகக் குடித்தவருக்கு அந்த உப்பு மண்டலமே கழுவிக்கொண்டு போயிருக்கும். யூரியாவும் உப்பும் சேர விடாமல் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டதால், ஹார்மோன் வந்து, துளை திறந்தும், இழுப்பதற்கு ஆள் இல்லை. சோதனையில் 450, 500 என்று அரைகுறையாக வந்து நிற்கும், பாதி ஹார்மோன் குறைபாடு போலவே தெரியும். இதனால்தான் இப்போது கோபெப்டின் என்ற இரத்தப் பரிசோதனையைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். வாசோபிரசின் உருவாகும்போது கூடவே பிரிந்து வரும் துண்டு அது, ஹார்மோனைப் போலச் சீக்கிரம் கரையாததால் அளப்பது எளிது. தண்ணீர் நிறுத்தாத சாதாரண நிலையிலேயே அது 21.4 பிக்கோமோலுக்கு மேல் இருந்தால் உத்தரவு பலமாகத்தான் வருகிறது, சிறுநீரகம்தான் கேட்கவில்லை.

உத்தரவு வராததற்குக் காரணம்: தலையில் அடி, பிட்யூட்டரி பக்கம் கட்டி அல்லது அறுவை, சில நேரம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் செல்களைத் தாக்குவது. டெஸ்மோபிரசின் கொடுத்தால் நிலைமை அடியோடு மாறும். ஆனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பழக்கதோஷத்தில் முன்போலவே குடித்தால் சோடியம் இறங்கிவிடும், இது தெரியாமல் சிக்கலில் மாட்டுகிறவர்கள் உண்டு. டயாபட்டீஸ் இன்சிபிடஸ் என்று இத்தனை நாள் சொல்லிவந்த இந்த நோய்க்கு 2022-இல் பெயர் மாற்றம் முன்மொழிந்தார்கள், புது ரிப்போர்ட்டில் வாசோபிரசின் குறைபாடு, வாசோபிரசின் எதிர்ப்பு என்று வந்தால் குழம்ப வேண்டாம், சர்க்கரை நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உத்தரவைக் கேட்காததற்குக் காரணம் பெரியவர்களில் பெரும்பாலும் லித்தியம், இரத்தத்தில் கால்சியம் கூடுவது, பொட்டாசியம் குறைவது. மனநல சிகிச்சைக்கு வருடக்கணக்கில் லித்தியம் சாப்பிடுகிறவர் "வாய் உலருது, குடிச்சிட்டே இருக்கேன்" என்றால் அதை மனப்பிரச்சினை கணக்கில் தள்ளிவிடாமல் யூரினை அளக்க வேண்டும். லித்தியம் அந்தச் செல்லுக்குள் புகுந்து துளைகளின் எண்ணிக்கையையே குறைத்துவிடுகிறது. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து, எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள்.

கேட்காத சிறுநீரகத்துக்கு வைத்தியம் கேட்டால் வேடிக்கையாக இருக்கும்: உப்பைக் குறை, யூரின் போக வைக்கும் தையசைடு மாத்திரையைச் சாப்பிடு என்பார்கள். யூரின் அதிகம் போகிறது என்று வந்தவருக்கு யூரின் மாத்திரையா? கணக்குப் போட்டால் புரியும். ஒருவர் நாளுக்கு வெளியேற்ற வேண்டிய கரைபொருள் 600 மில்லி ஆஸ்மோல் என்று வையுங்கள். அவருடைய சிறுநீரகத்தால் 100-க்கு மேல் செறிவாக்க முடியாது என்றால் 6 லிட்டர் போயே தீர வேண்டும். உப்பையும் தேவைக்கு மேற்பட்ட புரதத்தையும் குறைத்து அந்த 600-ஐ 400 ஆக்கினால் 4 லிட்டர் போதும். (நல்ல சிறுநீரகம் 1200 வரை செறிவாக்கும், அதற்கு 600-ஐ வெளியேற்ற அரை லிட்டர் போதும்.) தையசைடு உடம்பின் நீரை லேசாகக் குறைத்துவிடுவதால், முதல் குழாயே வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும், துளையில்லாத கடைசிக் குழாய்க்கு வந்து சேர்வதே குறைந்துவிடும்.

அறிகுறி: கைக்குழந்தை எடை ஏறவில்லை, காரணமில்லாத காய்ச்சல், எப்போதும் நனைந்த துணி

பிறவியிலேயே துளையோ ஹார்மோனின் ஏற்பியோ (உத்தரவைக் கேட்கும் காது) சரியில்லாத குழந்தைகள் உண்டு. ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகள். தாகம் என்று சொல்லத் தெரியாது, அழும், வாந்தி எடுக்கும், மலம் இறுகும். இரத்த சோடியம் பார்க்காதவரை பிடிபடாது.

நல்ல குழந்தைக்கும் பிறந்த புதிதில் 500–600-க்கு மேல் செறிவாக்கத் தெரியாது. பவுடர் பாலைச் சத்து கூடட்டும் என்று கெட்டியாகக் கரைத்துக் கொடுப்பது அதனால்தான் ஆபத்து. டப்பாவில் போட்டிருக்கும் அளவு போட்டிருக்கும் அளவுதான்.

அறிகுறி: பகலில் சாதாரணம், இரவில் மூன்று நான்கு தடவை

மேலே சொன்ன 24 மணி நேரத் தாள் இங்கேதான் பொன். படுத்ததிலிருந்து எழும் வரை போனதை (காலை முதல் யூரினையும் சேர்த்து) கூட்டுங்கள். 65 வயதைத் தாண்டியவருக்கு அது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் இரவில் உற்பத்தியே அதிகம். இல்லை என்றால் பையோ தூக்கமோதான் காரணம்.

உற்பத்தி அதிகம் என்றால் முதலில் கணுக்காலை அழுத்திப் பாருங்கள். குழி விழுகிறதா? பகலெல்லாம் நின்றும் உட்கார்ந்தும் கால்களில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பி யூரினாகப் போகிறது. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும், அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையால் கால் வீங்குபவர்களுக்கும் இது நடக்கும். சத்தமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறவர் என்றால், இதயம் இரவில் வெளியிடும் ஒரு ஹார்மோன் உப்பையும் நீரையும் வெளியே தள்ளும், குறட்டைக்கு வைத்தியம் பார்த்தால் இதுவும் குறையும். வயதாக ஆக இரவில் கூட வேண்டிய வாசோபிரசின் கூடாமல் போவதும் உண்டு. அதற்காக எண்பது வயதுக்காரருக்கு டெஸ்மோபிரசினைச் சட்டென்று ஆரம்பிப்பது எனக்கு ஒப்பாத விஷயம், சோடியம் இறங்கி விழுந்து இடுப்பு ஒடிவதைவிட இரண்டு தடவை எழுந்து போவது மேல்.

இவை எதுவும் இல்லை, ஆனால் சர்க்கரை, பிரஷர் இரண்டும் பல வருடமாக இருக்கிறது என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: எப்போது பார்த்தாலும் ரிப்போர்ட்டில் 1.010

ஒரு தடவை வந்தால் ஒன்றுமில்லை, அன்று அவ்வளவு குடித்திருப்பீர்கள். காலை முதல் யூரினிலும் 1.010, ஒரு லிட்டர் குடித்த பிறகும் 1.010 என்றால்தான் கவனிக்க வேண்டும். அந்த எண் ஏறக்குறைய இரத்த நீரின் செறிவுக்குச் சமம். செறிவாக்கவும் முடியவில்லை, நீர்க்கச் செய்யவும் முடியவில்லை, வடிந்தது வடிந்தபடியே வெளியே வருகிறது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் மிச்சமிருக்கும் நெஃப்ரான்கள் ஒவ்வொன்றும் பல மடங்கு சுமையை வேகமாகத் தள்ள வேண்டியிருப்பதால் உப்பு மண்டலம் நிற்பதில்லை. கிரியாட்டினின் (இரத்தத்தில் தேங்கும் கழிவு), யூரினில் அல்புமின் (கசியும் புரதம்) இரண்டையும் உடனே பாருங்கள்.

கிரியாட்டினின் சரியாக இருந்தும் செறிவு ஏறவில்லை என்றால் ஒரு காரணத்தை நம் பக்கத்தில் மறக்கக் கூடாது, சிக்கில் செல் (சிவப்பணு அரிவாளாக வளையும் பரம்பரை நோய்). இந்தியாவில் இதை முதலில் கண்டதே நீலகிரியின் பழங்குடிகளிடம்தான், லேமனும் கட்புஷும் 1952-இல் வெளியிட்டார்கள். சிறுநீரகத்தின் ஆழத்தில் ஆக்ஸிஜன் குறைவு, உப்பு அதிகம், அமிலமும் அதிகம். சிவப்பணு அரிவாளாக வளைவதற்கு இதைவிடத் தோதான இடம் உடம்பில் இல்லை. அங்கே உள்ள ஊசி போன்ற இரத்தக் குழாய்கள் அடைபட அடைபட உப்பு மண்டலம் கலைகிறது, நோய் முழுதாக உள்ளவர்களுக்கு 400–450-க்கு மேல் ஏறாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மரபணு வந்து, நோயே இல்லாமல் இருப்பவர்களுக்கும் வயது ஏற ஏற இந்தக் குறை தலைகாட்டும். வெயிலில் உழைக்கும்போது மற்றவரைவிடச் சீக்கிரம் இவர்களுக்கு நீர் வற்றும், ஆகவே தாகம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அறிகுறி: கெட்டி மஞ்சள், கொஞ்சமாகப் போகிறது

வெயில், வாந்தி, பேதி, காய்ச்சல் ஏதாவது இருந்தால் சிறுநீரகம் தன் வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது என்று அர்த்தம். தண்ணீர், மோர், பேதி என்றால் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரிலேயே கரையுங்கள், அரை லிட்டரில் கரைத்தால் நோக்கமே கெட்டது.

நாள் முழுக்க 400 மி.லி.-க்கும் குறைவு என்றால் சும்மா இருக்கக் கூடாது. இங்கே செறிவுதான் சாட்சி. குறைவாகப் போகிறது, ஆனால் ஆஸ்மோலாலிட்டி 500-க்கு மேல், யூரின் சோடியம் 20-க்குக் கீழே என்றால் குழாய்கள் உயிரோடு இருக்கின்றன, உடம்பில் நீர்தான் போதவில்லை. குறைவாகவும் போகிறது, செறிவும் 350-ஐத் தாண்டவில்லை, சோடியம் 40-க்கு மேல் வீணாகிறது என்றால் குழாய்ச் செல்களே அடி வாங்கியிருக்கின்றன. (யூரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த சோடியம் கணக்கு செல்லாது.) யூரின் சுத்தமாக நின்று அடிவயிறு கல்லாக இருந்தால் அடைப்பு, அதற்குச் செறிவு பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, டியூப் போட வேண்டும். அடைப்பு எடுத்த பிறகு ஒன்றிரண்டு நாள் யூரின் கொட்டோ கொட்டென்று கொட்டலாம், அதையும் அளந்து ஈடுகட்ட வேண்டும்.

நிறத்தை மட்டும் வைத்து ஏமாறாதீர்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை பளீர் மஞ்சளாக்கும், காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் ஆரஞ்சாக்கும், பீட்ரூட் சிலருக்குச் சிவப்பாக்கும். டிகாஷன் நிறத்தில் போய், கண்ணும் மஞ்சளாக இருந்தால் கல்லீரலைப் பாருங்கள்.

அறிகுறி: யூரின் செறிவாகப் போகிறது, ஆனால் இரத்தத்தில் சோடியம் குறைவு

இதுதான் எல்லோரையும் சறுக்கி விடும் இடம். சோடியம் 120 என்றால் இரத்தம் நீர்த்துக் கிடக்கிறது. உத்தரவு நின்று, யூரின் 100-க்குக் கீழே தண்ணீராகப் போக வேண்டும். போகாமல் 600-இல் நிற்கிறது என்றால் யாரோ தேவையில்லாமல் ஹார்மோனை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, இதயமோ கல்லீரலோ பழுதா, தைராய்டு, கார்டிசால் சரியா, தையசைடு சாப்பிடுகிறாரா என்று பார்த்து எல்லாம் இல்லை என்றானபின், தேடுங்கள்: நிமோனியா, காசநோய், நுரையீரல் புற்று, தலைக்காயம், வலிப்பு மருந்து கார்பமஸெபின், மனச்சோர்வு மாத்திரைகள் சில.

"சோடியம் குறைவா? ஒரு பாட்டில் சலைன் ஏத்துங்க" என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார். ஏற்றினால் என்ன ஆகும்? ஒரு லிட்டர் நார்மல் சலைனில் இருப்பது 308 மில்லி ஆஸ்மோல். யூரின் 616-இல் பிடிவாதமாக நிற்கிறவருக்கு அந்த உப்பு முழுவதும் அரை லிட்டரில் வெளியே போய்விடும். மீதி அரை லிட்டர் வெறும் தண்ணீராக உள்ளே தங்கும், சோடியம் இன்னும் இறங்கும். இவருக்குத் தேவை குடிப்பதைக் குறைப்பது, வலிப்பு வந்தால் 3 சதவீத சலைன். அதையும் அவசரமாக ஏற்றக் கூடாது, 24 மணி நேரத்தில் 8–10-க்கு மேல் சோடியத்தை உயர்த்தினால் மூளைத்தண்டு பாதிக்கும்.

இதே சோடியம் குறைவு, ஆனால் யூரின் 60, 70 என்று நீர்த்துப் போகிறது என்றால் கதை வேறு. தனியாக இருக்கும் பாட்டி, பல் இல்லை, உப்பில்லாத கஞ்சியும் காபியுமாக நாளை ஓட்டுகிறார், "தண்ணி நிறைய குடிங்க" என்று எல்லோரும் சொன்னதால் குடித்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கு வெளியேற்ற வேண்டிய கரைபொருளே நாளுக்கு 200 தான் தேறும். சிறுநீரகத்தால் யூரினை 50-க்குக் கீழே நீர்க்கச் செய்ய முடியாது. 200-ஐ 50-ஆல் வகுத்தால் 4 லிட்டர், அதற்கு மேல் குடித்ததெல்லாம் உள்ளேயே நிற்கும். வயதானால் சிறுநீரகம் 50 வரை இறக்காது, 100 என்று வைத்தால் 2 லிட்டரிலேயே எல்லை வந்துவிடும். ஹார்மோனும் சரி, துளையும் சரி, கிட்னியும் சரி. முட்டை, பருப்பு, சாப்பாட்டில் உப்பு, இவைதான் மருந்து.

எப்போது காத்திருக்கக் கூடாது

குழப்பமாகப் பேசுவது, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, 12 மணி நேரமாக யூரினே இல்லை, குழந்தைக்கு எட்டு மணி நேரமாகத் துணி நனையவில்லை, தலையில் அடிபட்ட அல்லது பிட்யூட்டரி அறுவை செய்த சில நாளில் யூரின் திடீரென்று கொட்டுவது. இவற்றில் ஏதாவது இருந்தால் இரவா பகலா என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கையோடு சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், கை வைத்தியப் பொடி, லேகியம் இருந்தால் அதையும். இரத்த சோடியத்துக்கு எடுக்கும்போதே ஒரு டப்பா யூரினையும் ஆஸ்மோலாலிட்டிக்கும் சோடியத்துக்கும் எடுக்கச் சொல்லுங்கள். பாட்டில் ஏறிய பிறகு எடுத்தால் அந்த எண்களை வைத்து மேலே சொன்ன எதையும் பிரிக்க முடியாது.